ஐந்தாக மடித்த ஓலை

அம்மாவின் பிள்ளையாருக்கு முகம் இல்லை. முன்பு இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது துதிக்கையின் வரிகள்கூட விரலுக்குத் தட்டுப்படும். வெள்ளிக்கிழமைதோறும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்ததில் முதலில் கண் மறைந்தது, அப்புறம் தந்தம், அப்புறம் துதிக்கைக்கும் தொந்திக்கும் நடுவே இருந்த பள்ளம். அம்மா போனபோது அது ஆற்றுக் கூழாங்கல்போல வழவழவென்று ஆகியிருந்தது. பாத்திரம், புடவை எல்லாம் பங்கு பிரிந்தபோது அதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆறு மாதம் என் பூஜை அலமாரியில் இருந்தது. விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தால் எதிரே பார்க்க ஒரு கண் இல்லை. இதற்கு மறுபடி முகம் செதுக்கித் தருவார்களா என்று சுவாமிமலையில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அப்பாவின் பழைய துண்டில் பிள்ளையாரைச் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எழும்பூரில் உழவன் ரயிலில் ஏறினேன். இரவு முழுக்கப் பை என் தலைமாட்டிலேயே இருந்தது.

கும்பகோணத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. ஒரு காபி குடித்து, குளித்து, கும்பேஸ்வரர் கோயில் பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போனபோது பாத்திரக் கடைகள் திறந்துகொண்டிருந்தன. 1968 மகாமகத்துக்கு வந்தபோது அம்மா இந்தத் தெருவில்தான் எங்கேயோ பிள்ளையாரை வாங்கினாள். "கும்பகோணத்துப் பித்தளையாக்கும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். எந்தக் கடை என்று கேட்டுவைக்கவில்லை. எதைத்தான் கேட்டுவைத்தோம்.

ஒரு கடையில் சுவரை மறைத்துப் பித்தளைச் சிலைகள் நின்றன. குழலூதும் கண்ணன், தவழும் கண்ணன், ஆடும் பிள்ளையார், அன்னபூரணி, தாமரையில் உட்கார்ந்த லட்சுமி, வரவேற்பறையில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடும் உருளி, சுவரில் மாட்டும் பெருமாள் முகம். எல்லாம் எடைக்குத்தான் விலை. பெரியவர் ஒருவர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். துண்டை அவிழ்த்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. கையில் வாங்கியதும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். உள்ளே கூடாக இருந்தது.

"இது வடக்கேருந்து வந்ததும்மா. அலிகாரோ மொராதாபாத்தோ. அப்பவே வர ஆரம்பிச்சிடுச்சு. இங்க நீங்க பாக்கற சாமி முக்காவாசி அங்க வார்த்ததுதான். பாத்திரமும் விளக்கும்தான் நம்ம ஊரு."

எனக்கு ஒரு கணம் பொறுக்கவில்லை. அம்மா ஐம்பது வருஷமாகப் பெருமையாகச் சொன்ன ஒரு சொல் தராசுத் தட்டில் வைத்ததுமே இப்படிக் கலைந்துவிட்டதே என்றிருந்தது. அலிகார் பூட்டுக்குப் பேர்போன ஊர். பித்தளை வார்க்கத் தெரிந்த கைகள் அங்கே சாமியையும் வார்க்கின்றன. ராமகங்கைக் கரையில் இருக்கும் மொராதாபாத்துக்குப் 'பித்தளை நகரம்' என்றே பெயர். அங்கே இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்களில் பெரும்பகுதி இஸ்லாமியர்கள். ஆகவே அம்மா தினமும் விளக்கேற்றிய பிள்ளையாரின் துதிக்கையை வளைத்தது ஒரு பாயின் கையாகவும் இருந்திருக்கலாம். இதை அவளிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். "அப்படியா, அவர் கை நன்னா இருக்கட்டும்" என்றிருப்பாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சுவாமிமலை அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. மேலே போக அறுபது படி, தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒவ்வொன்று. அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன இடம். தரிசனம் முடித்துக் கீழே இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு வீட்டிலிருந்து அல்ல, வீட்டுக்கு வீடு. சின்ன உளியின் சத்தம் குருவி கொத்துவதுபோல இருக்கும். அரம் போடும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் திருமேனிகள் வார்த்தவர்களின் வழிவந்தவர்கள் என்று இங்குள்ள ஸ்தபதிகள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஏன் இந்த ஊரில் தங்கினார்கள் என்று கேட்டால் எல்லோரும் கையை ஒரே திசையில் நீட்டுகிறார்கள். காவிரி.

ஆற்று வண்டல்தான் இந்தத் தொழிலின் முதல் மூலதனம். நான் போன பட்டறையில் அது ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தேன். மாவுபோல இருந்தது, மணல் என்று ஒரு பரல்கூட நெருடவில்லை. மெழுகில் கீறிய மயிரிழைக் கோட்டைக்கூட இந்த மண் அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும்.

பட்டறையின் பெரிய ஸ்தபதிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளையாரைக் காட்டுவதற்கு முன்பே, "இன்னிக்கு வார்ப்பு இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இருந்தா பாக்கலாம்" என்றார். அதனால் நான் வந்த காரியத்தைச் சொல்லாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

மெழுகு வேலை செய்யும் பையன் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இருந்தான். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் மூன்றும் சேர்த்துக் காய்ச்சியது, கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. குங்கிலியத்தின் வாசனையால் பட்டறையே ஒரு கர்ப்பக்கிரகம்போல மணத்தது. கையின் சூட்டில் இளகும், தண்ணீரில் போட்டால் இறுகும். கை தனியாக, கால் தனியாக, தலை தனியாகப் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒட்டுகிறான். அவன் எதிரே ஓர் அம்பாள் மெழுகில் நின்றாள். வளையல், மேகலை, கால் கொலுசு எல்லாம் மெழுகு நூலாகத் திரித்து ஒட்டியது.

"இவ்வளவு நகாசும் உருகிப் போயிடுமே தம்பி" என்றேன்.

"போனாத்தாங்க்கா உள்ள எடம் கிடைக்கும்" என்றான், தலை நிமிராமல்.

அளவுக்கு அவனிடம் அளவுகோல் கிடையாது. தென்னங்கீற்றிலிருந்து கிழித்த ஓர் ஓலைத் துண்டு. சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம். அதை மடித்து மடித்துப் பங்காக்கிக்கொள்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். தாளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அங்குலம். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தச தாளம், மொத்தம் 124 அங்குலம், அம்பாளுக்கு 120. இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலில் இருக்கும் அங்குலமாகாது. சிலைக்குச் சிலை மாறும். கட்டைவிரல் உயரச் சிவனுக்கும் 124 அங்குலம்தான், தில்லியில் நிற்கும் நடராஜருக்கும் 124 அங்குலம்தான். 2023இல் ஜி-20 மாநாட்டுக்காகப் பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுத்திய 27 அடி உயரமும் 18 டன் எடையும் உள்ள அந்த நடராஜர் இந்த ஊர் ஸ்தபதிகள் வார்த்தவர். அவருக்கும் தொடக்கம் ஓர் ஓலை மடிப்புதான்.

மெழுகு உருவத்தின்மேல் முதலில் அந்த மாவு வண்டலை உமிக்கரியோடு அரைத்து மெல்லிசாகப் பூசுகிறார்கள். நிழலில் காயவிடுகிறார்கள், வெயில் பட்டால் மெழுகு இளகிவிடும். அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும், அதற்கும் மேல் இன்னும் கரடான மண். கம்பியால் வரிந்து கட்டுகிறார்கள். உலோகம் உள்ளே போக ஒரு வழி, காற்று வெளியேற ஒரு வழி. எல்லாம் முடிந்ததும் உள்ளே அம்பாள் இருக்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. அகழியிலிருந்து தோண்டி எடுத்த மண்கட்டிபோலக் கிடக்கிறது. மண் பூசுவதற்கு முன்பே மெழுகை நிறுத்து எழுதிவைத்துவிடுகிறார்கள். அதன் எடைக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும்.

இப்படி மண் பூசிக் கட்டியதைக் கரு என்கிறார்கள். அன்றைக்கு வார்க்க வேண்டிய கருவை வறட்டி அடுக்கி அப்போதுதான் மூட்டியிருந்தார்கள். சூடேற நேரமாகும் என்பதால் நான் நாச்சியார்கோயில் போய்வரக் கிளம்பினேன்.

அந்த ஊரில் கல் கருடன் உண்டு. சன்னதியிலிருந்து வெளியே வர வர எடை கூடி, தூக்குகிற ஆள் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும் என்பார்கள். நான் போனது குத்துவிளக்குக்காக. பித்தளைக்குச் சொந்த ஊர் எதுவென்று கேட்டால் நான் நாச்சியார்கோயிலைத்தான் சொல்வேன். இங்கே மெழுகு கிடையாது. மாதிரி உருவை இரண்டு பாதி மண் அச்சுக்கு நடுவே அழுத்தி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் வார்க்கிறார்கள். மாதிரி உரு பிழைத்துக்கொள்ளும். நாளைக்கும் அதே உரு. அடிப்பாகம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைசலில் பிடித்துப் பளபளப்பாக்கி, மரை போட்டுத் திருகிச் சேர்க்கிறார்கள். கடைசல் சக்கரத்தில் பித்தளைச் சுருள் பொன் மயிராக உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தது. அங்கே இருந்த ஒருவர் புதிதாக வார்த்த தண்டு ஒன்றைக் காட்டி, பக்கவாட்டில் ஓடிய ஒரு மெல்லிய தழும்பைத் தடவச் சொன்னார். இரண்டு அச்சும் சேர்ந்த இடமாம். பையிலிருந்து பிள்ளையாரை எடுத்துப் பார்த்தேன். காதுக்குக் கீழே, அம்மாவின் விரல் நுழைய முடியாத மடிப்பில், அதே தழும்பு ஒரு நெல் நீளத்துக்கு இருந்தது.

வெயில் தாழ்ந்து சுவாமிமலை திரும்பியபோது மெழுகு முழுக்க வடிந்திருந்தது. சிவந்து கனன்ற கருவைத் தரையில் குழி பறித்துப் புதைத்து, வாய் மட்டும் தெரிய மண்ணை இறுக்கினார்கள். மூசையில் செம்பு உருகிக்கொண்டிருந்தது. பஞ்சலோகம் என்று சொன்னாலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் செம்புதான். மிச்சம் பித்தளை, கொஞ்சம் ஈயம். பொன்னும் வெள்ளியும் கேட்டவர்கள் கொடுக்கிற அளவு. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும். அதனால் பித்தளையைக் கடைசியில்தான் போடுகிறார்கள். போட்டதும் பச்சை கலந்த நீலச் சுடர் எழும்பி, வெள்ளைப் புகை பஞ்சுபோலப் பறந்தது.

சிலையைக் கேட்டிருந்த குடும்பம் வந்திருந்தது. வயதான அம்மாள் ஒருவர் தன் மூக்குத்தியைக் கழற்றி மூசையில் போட்டார். அதுவரை அங்கே இருந்த பேச்சு நின்றுவிட்டது. ஸ்தபதி கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். இரண்டு பேர் நீண்ட குறடால் மூசையைத் தூக்கி வந்து சாய்த்தார்கள். ஒரே வீச்சில், நடுவில் நிறுத்தாமல், நூல்போல ஊற்ற வேண்டும். நிறுத்தினால் உள்ளே ஒட்டாமல் போகும். மஞ்சள் வெளிச்சம் குழிக்குள் இறங்கியது. காற்றுவழியில் உலோகம் ததும்பி எட்டிப் பார்த்ததும் ஸ்தபதி கையை உயர்த்தினார். மொத்தமே ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மெழுகுக்கும் மண்ணுக்கும் போன வாரங்கள் எல்லாம் இந்த நிமிஷத்துக்காகத்தான். ஆறியபின் கருவை உடைத்துவிடுவார்கள். ஒரு கருவுக்கு ஒரே சிலை. காற்று எங்காவது சிக்கி மூக்கு விழாமல் போனால் மறுபடி ஓலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லோரும் போனபின் துண்டை அவிழ்த்தேன். ஸ்தபதி வெகுநேரம் பிள்ளையாரைக் கையில் வைத்திருந்தார். நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"இதுல உளி வைக்கப்படாதும்மா. உள்ள கூடு. தேஞ்சு தேஞ்சு சுவர் மெலிஞ்சு போச்சு. முகத்துல ஒரு தட்டுத் தட்டினா பொத்துக்கும்."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா ஐயா?"

"புதுசா பண்ணிக்கலாம். கனமா வார்த்துத் தரேன். உசரம் இதுலேருந்தே எடுத்துக்கலாம். முகம் எப்படி இருந்துது, சொல்லுங்க."

சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அண்ணாவுக்குப் போன் செய்தேன். கண் பெரிசு, நெற்றியில் பட்டை உண்டு என்றான். அக்காவைக் கேட்டேன். சின்னக் கண்தான், பட்டையெல்லாம் இல்லை, சிரித்த முகம் என்றாள். உடைந்த தந்தம் வலதா இடதா என்பதிலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே கூடத்தில் ஒரே விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரும் வளர்ந்தோம். ஸ்தபதி அவசரப்படுத்தவில்லை. "போய் யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் தஞ்சாவூர் போனேன். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சாய்ந்திருக்க வேண்டிய காளை இல்லை. ஆனாலும் கை அதன்மேல் கிடக்கிற பாவனையில் ஓய்வாகக் கிடக்கிறது. மண்ணுக்கடியில் புதைந்து கிடந்ததால் முகம் கலையாமல் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து பெரிய கோயிலுக்குப் போனேன். சுவர்க் கல்வெட்டில் ராஜராஜனும் அக்கன் குந்தவையும் கொடுத்த திருமேனிகளின் உயரத்தை முழம், விரல், தோரை கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்பதைக்கூட விடவில்லை. நேற்று ஸ்தபதி நகத்தால் தட்டிச் சொன்ன அதே கனமும் கூடும்தான். அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. அளவு மட்டும் கல்லில் நிற்கிறது.

அந்தச் சுவரடியில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. முகத்தை நான் கொடுக்க வேண்டியதில்லை, அளவைக் கொடுத்தால் போதும்.

மாலையில் மறுபடி சுவாமிமலை. பட்டறை வாசலில் ஓர் ஆளுயர நடராஜர் மேனியெல்லாம் பச்சை பூத்து நின்றார். பழமையாகத் தெரிவதற்காக அமிலம் தடவியதாம். வெளிநாட்டு விடுதி ஒன்றின் முகப்புக்குப் போகிறவர். இப்படிப் போகிற சிலைகளுக்கு, இது பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்க வேண்டும். அலங்காரத்துக்குப் போகிற சிலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். எனக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் கசப்பு இருந்தது உண்மை.

"அளவு ஒண்ணுதாம்மா. ஓலைக்கு அது எங்க போகுதுன்னு தெரியாது. பூஜைக்குன்னா கடைசியில கண் தெறப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல நாள் பாத்து, தங்க ஊசியால கண்ணுல கீறுவோம். எதிர்ல யாரும் நிக்கப்படாது. முதல்ல பசுவும் கன்னும், நெல்லு, கண்ணாடி இதெல்லாம்தான் சாமி பாக்கணும்."

என் கசப்பு அதோடு போய்விட்டது. அந்த நடராஜரையும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"முகம் சாஸ்திரத்துல இருக்கிறபடி வையுங்க ஐயா. உசரம் மட்டும் இது" என்று பிள்ளையாரை நீட்டினேன்.

பையன் பச்சை ஓலை ஒன்றைக் கிழித்து வந்தான். ஸ்தபதி பிள்ளையாரின் பீடத்துக்கு மேலிருந்து உச்சி வரை வைத்துப் பார்த்து, நகத்தால் நறுக்கினார். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். ஓலையை ஐந்தாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி விரித்தபோது அதில் நாலு கோடு இருந்தது. அதே அளவில் இன்னொரு ஓலையை நறுக்கி என்னிடம் கொடுத்தார்.

"கண் தெறக்கற அன்னிக்கு இவரையும் கொண்டு வாங்க. பக்கத்துல இருக்கட்டும்."

ரயிலில் திரும்பும்போது ஓலையை டிக்கெட்டோடு பணப்பையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எடுத்தபோது ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புளி கரைத்தேன். செங்கல் தூள் போடவில்லை. முகத்தில் தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு, முதுகையும் பீடத்தையும் தேய்த்தேன்.